சென்ட்ரிங் வேலையில் ஒரு தேதி நோட்டு: ஆறு வருட அனுபவம்

2019 ஆடி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். இப்போது ஓடுவது ஒன்பதாவது. பெரிய கான்ட்ராக்டர்களிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்து சென்ட்ரிங் அடிப்பது, அதாவது கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பது, என் தொழில். சாயங்காலம் சைட்டை விட்டுக் கிளம்புமுன் மூன்று வரி எழுதுவேன்: இடம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது, எத்தனை ஆள், எது வராமல் வேலை நின்றது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் சென்ட்ரிங்காரராக இருக்க மாட்டார்கள். கொத்தனாருக்கு வேலை நின்றால் கரண்டியை எடுத்துக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விடலாம். எங்கள் பலகை ஷீட்டும் அதைத் தாங்கும் ஜாக்கி முட்டும் அடித்த தளத்திலேயே மாட்டிக்கொள்ளும். கம்பி கட்டி, கரண்ட் பைப் பதித்து, கான்கிரீட் போட்ட பிறகுதான் எங்கள் நாள் கணக்கே ஆரம்பம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி சாதா சிமென்டுக்கே 4.5 மீட்டர் ஸ்பான் (தாங்கல்களுக்கு இடைப்பட்ட நீளம்) வரை தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். இதில் கைவைக்கக் கூடாது. ஆக, இங்கே கம்பி பத்து நாள் பிந்தினால் அந்தப் பத்து நாளும் அடுத்த சைட்டில் என் தாமதமாகப் போய் நிற்கும். அந்த இன்ஜினியருக்கு இந்த சைட்டின் கதை எதற்கு?

நோட்டு தன் விலையை எடுத்துக்கொடுத்தது 2021-இல். கடைசி பில்லில் 19 நாள் தாமதம் என்று ரூ.40,000 பிடித்திருந்தார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். கம்பிக்கு 11 நாள், பைப்புக்கு 4 நாள். மிச்சம் 4 நாள் என்னுடையது. களக்காட்டுப் பக்கத்து ஆள்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். அதையும் மறைக்காமல் எழுதியிருந்ததால்தான் மற்ற வரிகளை நம்பினார்கள் என்று நினைக்கிறேன். பிடித்தம் ரூ.9,000-க்கு இறங்கியது.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி ஒர்க் ஆர்டரில் எழுதிய அபராதம் உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். சரி, அடுத்த வேலைக்கும் அவர்களிடமே போய் நிற்க வேண்டியவன் கோர்ட்டுக்கா போவான்?

குறைகளும் உண்டு. பெரிய குறை, யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். “என்ன அண்ணாச்சி, கேஸ் போடப் போறீங்களா?” என்று சிரித்து நழுவிவிடுவார்கள். இன்னொன்று, நோட்டு காகிதம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழையில் தாமிரபரணி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. மூன்று நோட்டு கூழாகிவிட்டது. அதிலிருந்து அதே வரிகளை ஒரு போட்டோவோடு சைட் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறேன். “இரண்டாம் தளம் பலகை முடிந்தது, கம்பிக்குக் காத்திருக்கிறோம்.” ‘காத்திருக்கிறோம்’ என்றுதான் எழுதுவேன்; ‘நீங்கள் லேட்’ என்று ஒருநாளும் எழுதியதில்லை. கையெழுத்துப் போடாதவர்கள் அதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது போதும்.

நோட்டால் ஆகாததும் இருக்கிறது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரி விபத்துக்குப் பின் ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அலைந்தோமே, அப்போது காரணம் எல்லாருக்கும் தெரியும். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் முடங்கிக் கிடந்த ஷீட்டுக்கு ஒரு ரூபாய் யாரும் தரவில்லை. அதற்கப்புறம் ஒர்க் ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பலகை முடிந்து ஐந்து நாளுக்குள் கான்கிரீட் போடாவிட்டால் ஷீட்டுக்கு நாள் வாடகை. பத்துப் பேரிடம் கேட்டால் மூன்று பேர் சம்மதிக்கிறார்கள்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் என் ஆள்கள் ஒவ்வொருவருடைய ஊர்க் கொடைத் தேதியும் இருக்கிறது. எப்படியும் 14 நாள் முட்டு நிற்கத்தானே போகிறது; அந்த நாட்களில் கொடை விழுகிற மாதிரி கான்கிரீட் தேதியை முன்கூட்டியே பேசி வாங்கிவிடுகிறேன்.