பெங்களூர் எஸ்பி ரோட்ல ஹார்ட் டிஸ்க் ரிப்பேருக்குக் குடுக்கப் போறீங்களா, இதப் படிச்சிட்டுப் போங்க

2011ல அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப்பு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், போன மாசம் திடீர்னு விண்டோஸ் வரல. ஆனா பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) டிஸ்க் பேரு தெரிஞ்சுது, சுத்துற சத்தமும் எப்பவும் போலத்தான். பையன் காதுகுத்து போட்டோ, தாத்தா கோலார் தங்கவயல்ல வேலை பார்த்தப்போ இருந்த பேப்பருங்கள ஸ்கேன் பண்ணது, எல்லாம் அதுலதான். வேற காப்பி இல்ல, திட்டாதீங்க, வீட்ல ஏற்கனவே வாங்கிட்டேன்.

எஸ்பி ரோட்ல ஒரு மாடிக் கடை, பேர் வேணாம். "அண்ணா நீங்க நம்ம ஆளு, டேட்டா வரலைன்னா காசே வேணாம்"னு தமிழ்ல பேசுனதும் நான் கவுந்துட்டேன். காசே வேணாம்னவன் செக் பண்றதுக்குன்னு 1500 வாங்கிட்டான், அது அப்போ உறைக்கல. ரெண்டு நாள்ல போன், ஹெட் (டேட்டாவப் படிக்கிற முனை) போச்சு, கிளீன் ரூம்ல, அதாவது தூசி இல்லாத ரூம்ல தொறக்கணும், 22,000, பாதி அட்வான்ஸ். நேர்ல போயி எங்கப்பா கிளீன் ரூம்னா "உள்ளதாண்ணா"ங்கறான். எட்டிப் பார்த்தா டேபிள் ஃபேன் ஓடுது, சால்டரிங் அயர்ன் பக்கத்துல பாதி சாப்ட்ட இட்லி பொட்டலம். அந்த ஹெட்டு உள்ள சுத்துற தட்டுக்கு மேல சில நானோமீட்டர் கேப்ல பறக்குற சமாச்சாரம், ஒரு தூசி போதும் கீறல் போட. குடுத்துருன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல பார்த்தா ஸ்க்ரூ மேல இருந்த ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, மாட்டுனா டக் டக்குனு அடிக்குது, முன்ன இது கிடையவே கிடையாது. குடுக்குறதுக்கு முன்னாடி என் வொய்ஃப் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வச்சிருந்தா (நான் அப்போ சிரிச்சேன்). லேபிள்ல சீரியல் நம்பர் அதேதான், ஆனா அடியில இருக்குற பச்சை போர்டோட நம்பர் வேற! நல்லா இருந்த போர்டை உருவி வேற எவன் டிஸ்குக்கோ போட்டுட்டான்னு நினைக்கிறேன். கேட்டா "வரும்போதே இப்டித்தாண்ணா இருந்துச்சு".

அப்புறம் தெரிஞ்ச ஒருத்தர்ட்ட காட்டுனேன், இந்த வேலைலயே இருக்கறவரு. முதல்ல இருந்தது பெரும்பாலும் பேட் செக்டரா (டிஸ்க்ல படிக்க முடியாமப் போன இடம்) இருந்திருக்கும், லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூங்கற காப்பி எடுக்குற டூல் போட்டு இன்னொரு டிஸ்குக்கு அப்படியே குளோன் எடுத்துட்டு அந்தக் குளோன்ல தேடியிருக்கலாம், விண்டோஸ்ல டிஸ்க சரி பண்ற செக்டிஸ்க் மட்டும் ஓட்டிடாதீங்கன்னாரு. போர்டுல ஒரு குட்டி ரோம் சிப்பு இருக்கும், அதுல அந்தந்த டிஸ்கோட செட்டிங் இருக்குமாம், அதனால வேற போர்டு போட்டா பெரும்பாலும் எடுக்காது. டக் டக் போர்டாலயா, தொறந்ததாலயான்னு இனி லேப்லதான் தெரியுமாம்.

நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் குடுத்தேன், பில்லுல சீரியல் நம்பர் இருக்கான்னு கேட்டாங்க. பில்லுல "டிஸ்க் 1"னு மட்டும்தான் இருக்கு.