விதை போட்டு வளர்க்கும் வாசச் செடி: லாவெண்டரா, துளசியா, திருநீற்றுப்பச்சையா?

மட்டக்களப்பில் வீட்டு வளவில் வாசமான பூச்செடி ஒன்றை விதையிலிருந்து எழுப்ப வேண்டும் என்று யாராவது கேட்டால், மூன்று பெயர்கள்தான் அடிபடுகின்றன. படம் பார்த்து ஆசைப்பட்டவர்கள் லாவெண்டர் என்பார்கள், வீட்டுப் பெரியவர்கள் துளசி என்பார்கள். திருநீற்றுப்பச்சையை யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. பிச்சியும் மல்லிகையும் இந்தக் கணக்கில் வராது. அவற்றைத் தண்டு ஊன்றியோ பதியம் வைத்தோதான் எடுப்போம்.

நான் இருப்பது கல்லடிப் பக்கம். மண் முழுக்க மணல், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மூன்றையும் வைத்துப் பார்த்தேன். இன்று என் கிணற்றடி வரிசை முழுவதும் திருநீற்றுப்பச்சை, முற்றத்து மாடத்தில் துளசி. லாவெண்டர் இல்லை. ஆகவே எந்தப் பக்கம் சாய்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயில் மூன்றுக்கும் வேண்டும், அரை நாளுக்குக் குறையாமல். தண்ணீர் தேங்கினால் மூன்றுக்கும் ஆகாது. அதில் பேச ஒன்றுமில்லை.

லாவெண்டர் மத்தியதரைக் கடலோர மலைச்சரிவுச் செடி. அங்கே கோடை காய்ந்து கிடக்கும், மழை குளிர்காலத்தில் வரும். அந்தக் குளிர்தான் ஆங்கில லாவெண்டரின் விதையையும் எழுப்புகிறது, செடியைப் பூக்கவும் வைக்கிறது. நமக்கோ மார்கழி இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் விதையை ஈர மணலில் கலந்து பிரிட்ஜில் சில வாரம் வைத்து, குளிர் வந்துபோனதாக அதை நம்பவைக்க வேண்டும். அதன் பிறகும் முளைக்க இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை எடுக்கும், முளைத்தாலும் எல்லாம் ஒன்றாக வராது. நாற்று நத்தை வேகத்தில் வளரும். முதல் வருடத்தில் பூவை எதிர்பார்க்கவே வேண்டாம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் மாரி வரும். சாம்பல் பூத்த அந்த இலைகளின் மெல்லிய மயிர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடியிலிருந்து கருகி அழுகிக்கொண்டே மேலே ஏறும். விளிம்பில் பல்வெட்டுள்ள இலை கொண்ட லாவெண்டர் வகை ஒன்று சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்குகிறது. அதை நான் ஒரு பருவம்தான் வைத்திருந்தேன், அதை வைத்து முடிவாக எதுவும் சொல்லமாட்டேன். நுவரெலியாவில் சொந்தக்காரர் இருந்தால் விதையை அவர்களுக்குக் கொடுங்கள். 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் அந்தக் குளிர் இதற்குத் தோதானது.

துளசி பற்றி யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விதை மிகப் பொடி, மண்ணால் மூடாமல் மேலே தூவி விட்டாலே ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். உயரமான மாடத்தில் நின்றால் தண்ணீர் வடிந்துவிடும், மாரியையும் தாண்டிவிடும். சில வருடம் நிற்கும், பிறகு தண்டு விறகாகி இலை சிறுக்கத் தொடங்கும். அதற்குள் காலடியிலேயே குஞ்சுகள் முளைத்திருக்கும். உயிர் பிழைப்பதில் மூன்றிலும் இதுதான் முதலாவது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாடத்துத் துளசியை நினைத்த நேரம் நுள்ளி தேத்தண்ணிக்குள் போடவோ, பூங்கொத்தாக வெட்டி மேசையில் வைக்கவோ எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தொடவே கூடாது. அது சாமிக்குரிய செடி, அப்படியே நிற்கட்டும். வாசமும் வேறு. கராம்பில் இருக்கும் யூஜினோல் என்ற அதே வாசப் பொருள் துளசியிலும் இருப்பதால் காரமான, மருந்து வாடை கலந்த வாசம் அது.

இனி திருநீற்றுப்பச்சை. சர்பத்திலும் பலூடாவிலும் மிதக்கும் கசகசா இதன் விதைதான், கறிக்கு அரைக்கும் கசகசா வேறு. துளசியின் பேரினத்தைச் சேர்ந்தது. இலை அகலம், பளபளப்பு, பூ வெள்ளை. இதன் வாசத்தில் லினலூல் என்ற பொருள் உண்டு. லாவெண்டர் எண்ணெயிலும் முதன்மையான வாசப் பொருள்களில் அது ஒன்று. லாவெண்டருக்கு ஆசைப்பட்டவர்கள் காலையில் தண்ணீர் விட்டபின் இந்தச் செடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. சில வகைகளில் பெருஞ்சீரக வாடை தூக்கலாக இருக்கும், விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

ஆனால் நான் இதன் பக்கம் சாய்ந்ததற்கு வாசம் முதல் காரணம் இல்லை. விதைதான் காரணம்.

நம் ஊரில் சாடிச் செடி எதுவும் வருடத்தில் இரண்டு கண்டத்தைத் தாண்ட வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று நெருப்பாய் வீசி மண்ணைக் காயவைக்கும். கார்த்திகையிலிருந்து தை வரை மழை, வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள் கொட்டிவிடும். இதில் எந்த மென்செடியையும் முழுதாகக் காப்பாற்றுவது பெரும்பாடு. திருநீற்றுப்பச்சை காப்பாற்றச் சொல்லிக் கேட்பதே இல்லை. அது ஒருபருவச் செடி. பூத்து, விதை தந்து, போய்விடும். மாரியில் அழுகினால் அழுகட்டும், அடுத்த தலைமுறை போத்தலுக்குள் பத்திரமாக இருக்கும். லாவெண்டர் அழுகினால் மறுபடி காசு கொடுத்துப் பக்கற் வாங்கி, பிரிட்ஜில் வைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தைப் பொங்கல் கழிந்து மழை ஓயும்போது விதைப்பேன். மணலும் மக்கிய மாட்டெருவும் கொஞ்சம் தும்புத்தூளும் கலந்த சாடி போதும். விதையை ஊறவைக்கக் கூடாது. தண்ணீர் பட்டதும் விதையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான உறை எழும்பும், கையிலும் ஒட்டும், ஒன்றோடொன்றும் ஒட்டிக் கட்டியாகும். காய்ந்த விதையைத் தூவி, மேலே மெல்லியதாய் மண் தூவி, பிறகு தண்ணீர் தெளித்தால் அந்த உறை மண்ணுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சூடான மண்ணில் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். நாற்று நெருக்கமாக நின்றால் அடித்தண்டு நூலாய் மெலிந்து சாயும், அந்த நாற்றழுகல்தான் இதற்குப் பெரிய எதிரி. ஆகவே கலைத்து விட வேண்டும், தண்ணீர் காலையில் மட்டும். நாலு சோடி இலை வந்ததும் நுனியை நுள்ளினால் பக்கக் கிளை வெடித்துப் பற்றையாகும்.

பூ வந்தால் இலை சிறுக்கும் என்பதால் பூங்கதிரை நுள்ளச் சொல்வார்கள். இலைக்காக வளர்ப்பவர்களுக்கு அது சரி. என் பெரியம்மா மட்டும் வேலி ஓரத்துச் செடிகளில் கைவைக்க விடமாட்டார். "பூவெல்லாம் நுள்ளிப்போட்டா வாற வருசம் விதைக்கு எங்க போற மகள்?" என்பார். அவர் சொன்னபடி சில செடிகளை விட்டுவிடுகிறேன். தேனீ மொய்க்கும் அந்தக் கதிர்கள் கீழிருந்து மேலாக முற்றும். அடிப்பகுதி கபில நிறமாகிச் சரசரத்தாலே வெட்டலாம், நுனி முற்றும்வரை காத்திருந்தால் அடிவிதை கொட்டிவிடும். வெட்டிய கதிரைக் கடதாசிப் பையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காய்ந்தபின் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பூக்கூட்டுக்குள்ளும் நாலு கறுப்பு விதை வரை இருக்கும். சுளகில் போட்டு மெல்ல ஊதினால் உமி பறந்து விதை தங்கும்.

ஐப்பசி மழைக்கு முன் இந்த வேலையை முடிக்க வேண்டும். கதிரில் மழை பட்டால் விதை கூட்டுக்குள்ளேயே ஊதி வழுவழுத்துக் கெட்டுவிடும். இதன் பராமரிப்பில் நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இல்லை. கோடையில் கிணறு உவர்க்கும் வீடுகளில் நான் சொன்னதை அப்படியே எடுக்காமல் ஒரு சாடியில் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு வேறு வகைத் திருநீற்றுப்பச்சையை அருகருகே வைத்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், அடுத்த தலைமுறையில் எந்த வாசம் வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு அது பிடிக்கும், ஒரே வாசம் வேண்டும் என்பவர்கள் ஒரு வகையோடு நிற்பது நல்லது.

முதல் விதைக்குக் காத்தான்குடிக் கடைகளில் சர்பத்துக்கு விற்கும் கசகசாவே போதும். பழைய சரக்காக இருந்தால் முளைப்பு குறையும். ஈரக் கடதாசியில் ஒரு சிட்டிகை தூவி மூடி வைத்து ஒரு வாரம் பாருங்கள். பாதிக்கு மேல் முளைவிட்டால் அந்தப் பொதியைச் சாடிக்கு வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் சர்பத்துக்கே போடுங்கள், வேறு கடையில் வாங்கிப் பார்க்கலாம்.