கையடக்கக் கதிர்வீச்சு மீட்டர்: கூடங்குளம் கிளம்புமுன் மதுரையிலேயே சோதித்துவிடுங்கள்

கூடங்குளம் அணுமின் நிலையத்துப் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்த மதுரைக்காரர், பேரப்பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்து ஒரு கதிர்வீச்சு மீட்டர் வாங்க நினைத்தால் அதில் தப்பே இல்லை. வாங்கலாம். ஆனால் "அங்கே இருந்தால் புற்றுநோய் வருமா" என்ற கேள்விக்கு இந்தக் கருவியிடம் பதில் கிடையாது.

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மாடல்களில் பெரும்பாலும் இருப்பது கதிர்வீச்சை எண்ணும் ஜே305 அல்லது எம்4011 கண்ணாடி டியூப். சுமார் 400 வோல்ட்டில் ஓடும். கதிர்வீச்சு ஒரு முறை டியூபில் பதிந்தால் ஒரு 'டிக்'. நிமிடத்துக்கு ஏறக்குறைய 153 டிக் விழுந்தால் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சின் அளவு) என்று டிஸ்ப்ளே கணக்குப் போடும். மேசையில் சும்மா வைத்தாலே நிமிடத்துக்கு 20, 30 டிக் விழும். 25 விழுகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த நிமிடம் 20 ஆகலாம், 30-ம் ஆகலாம். அது கருவியின் கோளாறு அல்ல. கதிர்வீச்சு இயல்பாகவே அப்படித்தான் வரும். பத்து நிமிடம் எண்ணினால் 250-க்கு 16 முன்பின், அதாவது 6 சதவீதம். அதனால் ஒரு நிமிட ரீடிங்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பார்சல் வந்ததும் முதலில் பொட்டாஷ் சோதனை. உரக்கடையில் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் அரைக் கிலோ வாங்கி, மெல்லிய பாலிதீன் பையில் பரப்புங்கள். மீட்டரின் பின்பக்கத் துளைகள் உரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் வையுங்கள். பையில்லாமல் அதே இடத்தில் இன்னொரு பத்து நிமிடம். உரத்தில் இயல்பாகவே உள்ள கதிரியக்கப் பொட்டாசியம்-40 வெளிவிடும் பீட்டாத் துகள் கண்ணாடிச் சுவரைத் தாண்டும் அளவுக்கு வலுவானது. எண்ணிக்கை தெளிவாக ஏற வேண்டும். ஏறவில்லையா, திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்து சமையல் மேடை. கறுப்பு கிரானைட்டில் பொதுவாக ஏற்றம் தெரியாது. சிவப்பு, ரோஸ் நிறக் கற்களில் பொட்டாசியம் அதிகம், யுரேனியமும் தோரியமும் சேர்ந்திருக்கும், ரீடிங் கூடும். மேலூர்ப் பக்கத்துப் பாறை மேலும் யானைமலை அடிவாரத்திலும் இப்படியே கல்லுக்குக் கல் மாறலாம். அணுஉலை எதுவும் இல்லாத மதுரையிலேயே எண் இப்படி ஆடுகிறது என்பதை முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தென்கோடிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிரியக்கத் தோரியம். அங்கே ரீடிங் எகிறினால் அணுஉலை மேல் பழி போடுமுன் மணலைப் பாருங்கள். மழை பெய்தாலும் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் துகள்கள் தரைக்கு இறங்கி, ஓரிரு மணி நேரம் எண் ஏறும்.

இனி கூடங்குளக் கணக்கு. அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்குச் சேரக்கூடிய ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட், அதாவது 1,000 மைக்ரோசீவர்ட். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 0.114 மைக்ரோசீவர்ட், நிமிடத்துக்கு 17 டிக் கூடுதல். ஊர் முழுக்க, ஆண்டு முழுக்க அப்படி ஏறியிருந்தால் இந்த மீட்டர் காட்டிக்கொடுக்கும். அந்த வரம்பில் இருபதில் ஒரு பங்கு, 50 மைக்ரோசீவர்ட் என்றால் நிமிடத்துக்கு ஒரு டிக்கூட இல்லை. ராத்திரி முழுக்க எண்ணினாலும் கல், மணல், மழை தரும் ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துபோகும்.

உலையிலிருந்து நீரோடு வெளியேறும் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை இந்த டியூப் பார்க்கவே பார்க்காது. அதன் பீட்டா கண்ணாடியைத் தாண்டாது. எனவே குடிதண்ணீரை இதை வைத்துச் சோதிப்பது வீண். அதற்கு ஆய்வகத்தின் திரவ சிண்டில்லேஷன் கருவி வேண்டும்.

புற்றுநோய்க் கேள்விக்குப் பதில் வேறு வழியில் வருகிறது. 2007-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு, 16 அணுமின் நிலையங்களின் 5 கிலோமீட்டருக்குள் வசித்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ரத்தப்புற்று வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்றது. அங்கே வெளியான கதிர்வீச்சின் அளவால் அதை விளக்க முடியவில்லை. 1980 முதல் 2003 வரை அந்த வட்டத்துக்குள் இருந்தவை 37 ரத்தப்புற்றுகள். இதைக் கண்டுபிடிக்கவே 24 வருடப் புற்றுநோய்ப் பதிவேடு தேவைப்பட்டது. மாறாக, இயற்கையிலேயே மோனசைட் கதிர்வீச்சு மிகுந்த கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுப் பதிவேட்டில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. கூடங்குளத்து மக்கள் கேட்டு வாங்க வேண்டியது வீடு வீடாக, வயதுவாரியாக எழுதப்பட்ட அப்படி ஒரு பதிவேடு.

குறைகள் என்று பார்த்தால், மூடியில்லாத கிட் வாங்க வேண்டாம். மதுரை வெயில் கண்ணாடி டியூபில் நேராக விழுந்தாலே பொய் எண்ணிக்கை வரும். கறுப்புத் துணி போட்டு மூடி மறுபடி எண்ணுங்கள். கீழே விழுந்தால் டியூப் போச்சு. பல மாடல்களில் அலாரம் மணிக்கு 0.5 மைக்ரோசீவர்ட்டில் இருக்கும். மாட்டுத்தாவணி பஸ்சில் திடீரென்று கத்தினால் பயப்படாதீர்கள். எலும்பு ஸ்கேனோ தைராய்டு சிகிச்சையோ முடித்துத் திரும்பும் ஒருவர் பக்கத்து சீட்டில் இருக்கலாம். அவரைச் சங்கடப்படுத்தாமல் ஒலியை நிறுத்திவிடுங்கள்.