31 அங்குல டயர் என்று நம்பி 2,800 டாலரைப் பறிகொடுத்தேன்: விமானம் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

பெட்டியைப் பிரித்து ஆறு நாள் ஆகிறது. இன்று காலை கடைசிக் கைவிரிப்பும் வந்து சேர்ந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அலாஸ்காவின் ஆற்றுத்திட்டுகளில் இறங்குவதற்காகப் பெரிய டயர் தேடும் எவரும் என்னைப்போல் 2,800 டாலரை இழக்கக் கூடாது.

என் சிறு விமானமான சூப்பர் கப்பில் இருப்பது 8.50-6 டயர். அதாவது டயரின் அகலம் 8.5 அங்குலம், சக்கரத்தின் விட்டம் 6 அங்குலம். வெளிவிட்டம் ஏறத்தாழ 22 அங்குலம் வரும். புல்தரைக்கும் பொடிக்கல்லுக்கும் அது போதும். தேங்காய் அளவுக் கற்கள் கிடக்கும் திட்டுக்குப் போதாது. 26 அங்குலத்துக்கு மாறலாம் என்றுதான் நினைத்தேன்.

பழைய விமானப் பாகங்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அந்த ஆள் அகப்பட்டான். முதலில் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "இறங்கும் இடத்தில் கல் எவ்வளவு பெரியது? மணல் ஈரமா, காய்ந்ததா? எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டான். அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கரையோரம் கிடந்த ஒரு மரக்கட்டையைக்கூடக் குறிப்பிட்டு எச்சரித்தான். அங்கேதான் விழுந்தேன். என் உயிர்மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறவன் ஏமாற்றுவானா? "26 போதாது, 31 போடுங்கள். ஒரே ஒரு கோடை ஓடியவை. சான்றிதழும் தருகிறேன்" என்றான். சந்தை வழியாகச் செலுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள் என்றதால், 2,800 டாலரையும் நேரே அவன் கணக்குக்கு அனுப்பினேன்.

இந்த வகை டயருக்கு ட்யூப் கிடையாது. வால்வு பக்கச்சுவரிலேயே இருக்கும். பெட்டியில் வந்ததில் காற்றடித்து, கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீர் தடவியதும் வால்வைச் சுற்றி ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பரில் வலைவலையாக வெடிப்பு தெரிகிறது. வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறான். மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் டயர் இது. கல்லின்மேல் ஏறும்போது வளைந்து கொடுப்பது அந்தப் பக்கச்சுவர்தான். இறங்கும் வேகத்தில் அது பிளந்தால் விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மூக்குக் குத்தும். இது தெரிந்தேதான் விற்றிருக்கிறான்.

சான்றிதழ் என்று அனுப்பியது எஸ்.டி.சி.யின், அதாவது விமானத்தில் இன்ன மாற்றம் செய்யலாம் என்று விமானத் துறை தரும் ஒப்புதலின், வெறும் நகல். அமெரிக்க விதிப்படி, அதைக் கொண்டு விமானத்தில் மாற்றம் செய்ய வேண்டுமானால், அதன் உரிமையாளர் எழுத்தில் தந்த அனுமதி நம்மிடம் இருக்க வேண்டும். வந்த அனுமதிக் கடிதத்தில் வேறொரு விமானத்தின் பதிவு எண் இருக்கிறது! மெக்கானிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். டயர் நல்லதாக இருந்திருந்தாலும் அளவு தவறு என்றார். அதே பிரேக்கை வைத்துக்கொண்டு 22-லிருந்து 31 அங்குலத்துக்குப் போனால், தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை கால் பங்குக்கும் மேல் குறையும். விற்றவன் பிரேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கேட்டதற்கு, "குளிரில் ரப்பர் அப்படித்தான் இருக்கும், இரண்டு முறை பறந்தால் சரியாகிவிடும்" என்றான். மறுநாள், "பிரித்த பெட்டியைத் திரும்ப எடுப்பதில்லை" என்றான். பிறகு பதிலே இல்லை. சந்தைக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதிலை அனுப்பினார்கள். 2,800 டாலர்! ஒரு கோடைக்கான பெட்ரோலுக்கு ஒதுக்கிய பணம்.

அளவைத் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. வரிசை எண்ணும் பக்கச்சுவரும் தெளிவாகத் தெரியும் படம் வராமல் பேச்சைத் தொடராதீர்கள். அனுமதிக் கடிதத்தில் உங்கள் விமானத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் தாங்குமா என்று உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். கல்லின் அளவை அக்கறையாக விசாரிக்கும் ஓர் ஆளிடம் இப்போது பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றிரவு பணம் அனுப்பாதீர்கள்.