சித்தப்பாவின் இடுப்பெலும்பும் ஒன்பதரை மணி நேரமும்

இருபது வருடங்களாக டொராண்டோவில் வசிக்கும் நான், மூன்று வார விடுப்பில் மண்டபத்துக்கு வந்து திரும்பியிருக்கிறேன். புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போனதையும் சித்தி வைத்த நண்டுக் குழம்பையும் பற்றி எழுத ஆசைதான். ஆனால் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரைத்தளத்தில், காப்பீட்டுக் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து கழித்த ஒரு பகல் அவை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நிற்கிறது.

நான் வந்த நான்காம் நாள், கருவாட்டு வியாபாரம் செய்யும் என் சித்தப்பா படகுத் துறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 108 உடனே வந்தது. ராமநாதபுரத்தில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயே பார்த்திருக்கலாம். "கம்பெனி பாலிசி இருக்குண்ணே, அப்பாவுக்கும் சேர்த்துத்தான்" என்று சென்னையிலிருந்து தம்பி சொன்னதை நம்பி மதுரைக்குக் கொண்டுபோனோம். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். நாங்கள் மருத்துவமனையை விட்டு வெளியேறியபோது இரவு ஏழரை. இடைப்பட்ட ஒன்பதரை மணி நேரமும், எங்கோ வேறொரு நகரத்தில் இருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் முகவர் அலுவலகத்திலிருந்து இறுதி ஒப்புதல் வர வேண்டும் என்பதற்காகக் கழிந்தது. மதியம் அவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: விழுந்தபோது நோயாளி மது அருந்தியிருந்தாரா? வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதரைப் பற்றி மருத்துவரிடம் கடிதம் வாங்கி அனுப்ப இரண்டு மணி நேரம் ஆனது. சர்க்கரை நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பது மாலையில் வந்த கேள்வி. எலும்பு முறிவுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் தெரியவில்லை, பாவம், அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

டிஸ்சார்ஜ் கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024 மே மாதத்திலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். "எங்களுக்கும் தெரியும் சார்" என்பதுதான் பதில்.

பிறகு பில் வந்தது. பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு ஐயாயிரம். எங்களுக்குக் கிடைத்ததோ ஏழாயிரம் ரூபாய் அறை. மிச்ச இரண்டாயிரத்தைத்தானே நாம் கட்ட வேண்டும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அறுவைச் சிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருத்துவரின் கட்டணம், தியேட்டர் கட்டணம் என ஒவ்வொன்றிலும் ஏழில் இரண்டு பங்கை வெட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தனிப் பட்டியல்: கையுறை, பஞ்சு, முகக்கவசம், பதிவுக் கட்டணம், எல்லாம் 'தரத்தக்கதல்ல'. கையுறை போடாமல் இடுப்பை அறுத்திருக்க முடியுமா? எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே கையிலிருந்து கட்டினோம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்ன ஆயிற்று என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயர் மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து ஐந்து லட்சம் வரை தரும் அந்தத் திட்டம் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; சித்தப்பாவின் ரேஷன் கார்டில் தம்பியின் பெயரும் இருப்பதால் வருமானச் சான்று கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில் வருமான வரம்பே இல்லாமல் மத்திய அரசு கொண்டுவந்த முதியோர் அட்டைக்கு எழுபது வயது நிரம்ப வேண்டும், சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு. ஏழைக்கு ஒன்று, எழுபதுக்கு மேல் ஒன்று, கம்பெனி வேலைக்கு ஒன்று என்று வலையை மூன்று துண்டாகக் கட்டினால், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஆள் விழத்தான் செய்வார். தம்பி நாளைக்கு வேலையை விட்டால் அந்தப் பாலிசியும் போய்விடும்; நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சானும் இதே பயத்தில்தான் பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் என் மாமனாருக்கு முழங்கால் மாற்றியபோது நான் காட்டியது மாகாண அரசு தரும் ஒரே ஒரு பச்சை நிற மருத்துவ அட்டை. பில் என்ற காகிதத்தையே நான் பார்க்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்காக ஒன்பது மாதம் காத்திருந்தோம் என்பதையும், அவசரப் பிரிவில் ஒரு முறை இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம் என்பதையும், மாத்திரைக்கும் பல்லுக்கும் அந்த அட்டை எல்லாருக்கும் உதவாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே காத்திருப்பது மருத்துவருக்காக. மதுரையில் நான் காத்திருந்தது பணம் யார் கட்டுவது என்ற தகராறு முடிவதற்காக.

கனடாவின் அந்த ஏற்பாட்டுக்கு வித்திட்ட அரசியல்வாதி டாமி டக்ளஸுக்குச் சிறுவயதில் கால் எலும்பில் நோய் வந்து, காலையே எடுக்கும் நிலை வந்தது. மாணவர்களுக்குக் காட்டிக் கற்பிக்க ஒரு நோயாளி வேண்டும் என்பதற்காக ஒரு மருத்துவர் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்ததால் கால் தப்பியது. ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தில் தப்பக் கூடாது என்று நினைத்த அவர், சஸ்காட்சவன் மாகாண முதல்வராகி 1947இல் மருத்துவமனைச் செலவை அரசே ஏற்கச் செய்தார். 1962 ஜூலையில் அத்திட்டம் மருத்துவர் கட்டணத்துக்கும் விரிந்தபோது மருத்துவர்கள் இருபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், திட்டம் நிலைத்தது. 1984இல் கனடா முழுமைக்கும் வந்த சட்டம், காப்பீட்டில் அடங்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கூடுதல் பணம் வாங்கும் மாகாணங்களுக்கான மத்திய நிதியைக் குறைத்து, அந்தப் பழக்கத்துக்கும் முடிவு கட்டியது.

பணம் செலுத்துபவர் ஒருவரே என்றால் விலை பேசும் வலிமையும் அவரிடமே இருக்கும். இது நமக்குப் புதிதல்ல. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டதிலிருந்து மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை மொத்தமாக வாங்குகிறது. அரசு மருத்துவமனையின் சிவப்பு மிக்ஸர் மருந்துக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோய் வரிசையில் நின்ற தலைமுறை நாம். அந்த வரிசையில் யாரும் வருமானச் சான்று கேட்டதில்லை. மருந்துக்குச் செய்ததை அறுவைச் சிகிச்சைக்கும் செய்ய முடியும். பிரீமியமாகக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போகும் பணத்தை அரசே நேரடியாக மருத்துவமனைக்குக் கொடுத்து, ஒரே கட்டணப் பட்டியலில், ரேஷன் கார்டில் பெயர் உள்ள எவருக்கும் பொருந்தும்படி செய்வதுதான் நான் கேட்பது.

வீடு வந்த மறுநாள் காலை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சகோதரி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சித்திக்கு இரத்த அழுத்தம் பார்த்து, இரண்டு மாத மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். நோட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். உள்ளே கட்டிலில் படுத்திருந்த சித்தப்பா, "இவங்கள மாதிரி அங்கேயும் இருந்திருந்தா அன்னைக்கு மத்தியானமே வந்து சேர்ந்திருப்போம்" என்றார். அவர் தலைமாட்டில் பில்களை அடுக்கிய நெகிழிப் பை இருந்தது. வெட்டிய தொகைக்கு மறுகோரிக்கை வைக்க அசல் ரசீதுகளைக் கேட்டிருக்கிறார்கள். தம்பி சனிக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.