பார்லருக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கு டிரேட்மார்க் பதிவகத்தின் இலவசத் தேடல் எவ்வளவு உதவும்?

புதிதாக அழகு நிலையம் தொடங்குகிறவர்கள் பெயருக்காக வீட்டுப் பெரியவர்களைக் கேட்கிறார்கள், எண் கணிதம் பார்க்கிறார்கள், பிறகு நேராக போர்டு அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இடையில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்திய அரசின் டிரேட்மார்க் பதிவகம் ஐ.பி. இந்தியா தளத்தில் வைத்திருக்கும் பொதுத் தேடல்தான் அது. காசு கிடையாது, வக்கீல் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு இது நல்ல கருவி. தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்குப் பாதி வேலையைத்தான் செய்து தரும். மீதிப் பாதி எழுத்துக்கூட்டு வேலை. அதை நாமே செய்யாவிட்டால் தேடியும் தேடாததும் ஒன்றுதான்.

தளத்தில் டிரேட்மார்க்ஸ் பகுதிக்குள் 'பப்ளிக் சர்ச்' இருக்கும். ஓ.டி.பி., கேப்ட்சா தாண்டி உள்ளே போனால் மூன்று வகைத் தேடல்கள்: சொல்லை வைத்துத் தேடும் வேர்ட்மார்க், லோகோவின் படத்தை எண்ணாக்கித் தேடும் வியன்னா கோட், ஒலியை வைத்துத் தேடும் ஃபொனெடிக். வேர்ட்மார்க்கில் மறுபடி மூன்று வழிகள்: 'ஸ்டார்ட்ஸ் வித்' (இப்படித் தொடங்குபவை), 'கன்டெய்ன்ஸ்' (இது எங்கேனும் உள்ளவை), 'மேட்ச் வித்' (அப்படியே பொருந்துபவை). கூடவே கிளாஸ் எண்ணும், அதாவது பொருள் அல்லது சேவை எந்த வகை என்று காட்டும் எண்ணும், கொடுக்க வேண்டும். ஒரு தேடலுக்கு ஒரு கிளாஸ்தான்.

பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த முதல் படியிலேயே. 'மேட்ச் வித்' என்று வைத்து, 'எழில் பியூட்டி பார்லர்' என்று முழுப் பெயரையும் அடிக்கிறார்கள். முடிவு ஒன்றும் வராது. பெயர் காலியாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அதே மூன்று சொற்களை அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டில் யாரும் கேட்கவில்லை என்பதற்கு மேல் அந்தக் காலிப் பக்கத்துக்குப் பொருள் இல்லை. பியூட்டி, பார்லர், ஹேர், ஸ்பா, ஸ்டுடியோ எல்லாம் எல்லோருக்கும் பொதுவான சொற்கள். அவற்றை விட்டுவிட்டு, பெயரின் உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அதை மட்டும் 'கன்டெய்ன்ஸ்' வழியில் தேட வேண்டும்.

அடுத்த சிக்கல் எழுத்துக்கூட்டு. தமிழ்ப் பெயர்களும் ரோமன் எழுத்தில்தான் தேடக் கிடைக்கும். 'எழில்' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தை ஈ என்று எழுதுவார்கள், ஒய்-ஈ என்று எழுதுவார்கள், ஏ-ஈ என்றும் எழுதுவார்கள். ழகரத்துக்கு இசட்-எச் போடுகிறவர்கள் ஒரு பக்கம், வெறும் எல் போடுகிறவர்கள் ஒரு பக்கம், வெறும் இசட் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது எழுத்துக்கூட்டுகள். கடைசியில் உள்ள எல் எழுத்தை இரட்டிப்பாக எழுதுகிறவர்களையும் சேர்த்தால் பதினெட்டு.

பதினெட்டு முறை தேட வேண்டியதில்லை. சொல்லின் நடுத்துண்டைப் பிடித்தால் போதும். 'கன்டெய்ன்ஸ்' வழியில் இசட், எச், ஐ, எல் என்ற நான்கு எழுத்துகளை மட்டும் கொடுங்கள். முதல் எழுத்து எதுவானாலும், கடைசியில் எல் ஒன்றோ இரண்டோ ஆனாலும் வந்துவிடும். எழிலரசி வரும், பொழில் வரும். அடுத்து இசட், ஐ, எல். அதற்கடுத்து எல், ஐ, எல். இந்த மூன்றாவது தேடலில் லில்லி போன்ற தொடர்பில்லாத பெயர்கள் நிறைய வந்து நிரம்பும். அலுத்துக்கொள்ளாமல் கண்ணை ஓட்டத்தான் வேண்டும், ழகரத்தை எல் என்று எழுதியவர்கள் அந்தக் கூட்டத்துக்குள்தான் இருப்பார்கள். யாழினி, அழகி, மகிழ், குழலி எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நெடில் உள்ள பெயர்களில் ஏ ஒன்றா இரண்டா என்பதையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

ஒலியை வைத்துத் தேடுவதற்கென்றே ஃபொனெடிக் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆங்கிலச் சொற்களுக்கு அது கைகொடுக்கும். இசட்-எச்சும் எல்லும் நம் வாயில் ஒரே ழகரம் என்பதை அது அறிந்து சேர்த்துத் தரும் என்று எண்ணி உட்கார்ந்துவிடக் கூடாது. துண்டு துண்டாகத் தேடி முடித்த பிறகு, கூடுதல் சரிபார்ப்பாக ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதும்போது தலைகீழாக ஒரு பிரச்சினை வரும். கன்னத்தில் பூசுகிற பிளஷ்ஷுக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து B, ஆடம்பரத்தைக் குறிக்கும் பிளஷ்ஷுக்கு P. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. பூப்பதைக் குறிக்கும் புளூமும் பறவை இறகைக் குறிக்கும் புளூமும் அப்படித்தான். பளபளப்பு என்ற பொருளில் 'க்ளாஸ்' என்று வைத்தால், தெருவில் போகிறவர் அதைக் கண்ணாடி என்று படிப்பாரா வகுப்பு என்று படிப்பாரா என்று சொல்ல முடியாது. எனவே பெயரைத் தமிழில் ஒரு முறை எழுதி, அந்தத் தமிழ் எழுத்து வேறு எந்தெந்த ஆங்கிலச் சொல்லாகப் படிக்க இடம் தருகிறது என்று பார்த்து, அவற்றையும் தேடுங்கள். டிரேட்மார்க் சட்டத்தின் 29(9) பிரிவுப்படி, பதிவான பெயரை எழுதுவதால் மட்டுமல்ல, வாயால் சொல்லிப் பயன்படுத்துவதாலும் உரிமை மீறல் ஆகலாம்.

கிளாஸ் எண்ணுக்கு வருவோம். அழகு நிலையச் சேவை 44-ஆம் கிளாஸ். மருத்துவமனை, கால்நடை மருத்துவம், விவசாயச் சேவை எல்லாம் அதே எண்ணில் வருவதால், உங்கள் பெயரில் ஒரு பல் மருத்துவமனையோ செடி நர்சரியோ தென்படலாம். அதைப் பார்த்ததும் பெயரைக் கைவிட வேண்டாம். வாடிக்கையாளர் குழம்புவாரா என்பதுதான் கேள்வி. தோல் சிகிச்சை கிளினிக், முடி மாற்று மையம், ஸ்பா என்றால் அது நமக்கு மிகப் பக்கம், விட்டுவிடுவது நல்லது. 44-உடன் நின்றுவிடவும் கூடாது. அழகுசாதனப் பொருட்களுக்கான 3-ஆம் கிளாஸைக் கட்டாயம் பாருங்கள். ஏற்கெனவே ஒருவர் க்ரீமுக்கோ ஷாம்புவுக்கோ வைத்திருக்கும் பெயரில் பார்லர் திறந்தால் ஆட்சேபம் வர இடம் உண்டு. பியூட்டிஷியன் பயிற்சி வகுப்பு நடத்தும் எண்ணம் இருந்தால் 41. மூன்று கிளாஸ், மூன்று நான்கு துண்டுகள் என்றால் பன்னிரண்டு தேடல்கள் வரை ஆகும்.

முடிவுகளைப் படிப்பதும் ஒரு கலைதான். பெயருக்குப் பக்கத்தில் நிலை இருக்கும். 'ரெஜிஸ்டர்டு' என்றால் தெளிவு. 'அப்ஜெக்டட்' என்றால் பதிவகமே கேள்வி எழுப்பியிருக்கிறது. 'அப்போஸ்டு' என்றால் வேறொருவர் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். 'அபாண்டன்டு' (கைவிடப்பட்டது), 'ரெஃப்யூஸ்டு' (மறுக்கப்பட்டது) என்று பார்த்ததும் வழி திறந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பம்தான் செத்தது, கடை ஓடிக்கொண்டிருக்கலாம். விவரப் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பெயர் எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்ணப்பதாரர் சொன்னது தெரியும். இந்தியச் சட்டத்தில் முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கு வலு அதிகம் என்பதால், நிலையைவிட அந்தத் தேதி முக்கியம்.

இந்தச் சேவையில் மிக உயர்வாகச் சொல்ல வேண்டியது, பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று. விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு அதே தளத்தின் நிலை அறியும் பக்கத்தில் போட்டால், பதிவகம் அனுப்பிய பரிசோதனை அறிக்கையையும் அதற்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதிலையும் படிக்கலாம். உங்கள் பெயரைப் போன்ற ஒரு பெயருக்கு என்ன ஆட்சேபம் வந்தது என்று செலவே இல்லாமல் தெரிந்துகொள்ளலாம். 9-ஆம் பிரிவு என்றிருந்தால் பெயர் தொழிலையே வர்ணிக்கிறது, தனித்தன்மை இல்லை என்று பொருள். 11-ஆம் பிரிவு என்றால் வேறொரு பெயரோடு மோதுகிறது. இத்தகைய அறிக்கைகளில் ஐந்தாறு படித்தாலே 'க்ளோ', 'பியூட்டி', 'ஹேர்' என்று தொடங்கும் பெயர்கள் ஏன் தடுமாறுகின்றன என்பது விளங்கிவிடும்.

சாமி பெயர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனி உரிமையாகத் தர மறுத்தது. புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். லட்சுமி, மீனாட்சி என்று தாராளமாக வைக்கலாம், ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு லட்சுமி வந்தால் தடுப்பது கடினம். 1952-ல் டாடா குழுமம் தொடங்கிய லாக்மே, லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம்தான். வடிவம் மாறியதால் அது தனித்த பெயராக நின்றது. நடிகை பெயர் வைக்க நினைத்தால் 14-ஆம் பிரிவைப் பாருங்கள். உயிருடன் இருப்பவரோடும், இறந்து இருபது ஆண்டு ஆகாதவரோடும் தொடர்பு இருப்பதாகக் காட்டும் பெயருக்குப் பதிவாளர் சம்மதக் கடிதம் கேட்கலாம்.

லோகோவில் பெண் முகம் வரைவதாக இருந்தால் வியன்னா கோட் தேடல் உண்டு. எண்ணை ஆறு இலக்கமாகக் கொடுக்க வேண்டும். பெண் உருவங்கள் 2-ஆம் வகையில் 3-ஆம் பிரிவு, மலர்கள் 5-ஆம் வகையில் 5-ஆம் பிரிவு. படங்கள் மிக அதிகம், வடிகட்ட வசதி போதாது. இந்தத் தளத்தின் பலவீனமான பகுதி இதுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, ஆனால் அதைத் தளத்தின் மேல் போட முடியாது. பதிவுக்கு வராத பெயர்கள் இதில் இல்லை. நம் ஊர்ப் பார்லர்களில் ஏராளமானவை விண்ணப்பிக்காமலே பல ஆண்டுகளாக நடக்கின்றன. 34-ஆம் பிரிவு அவர்களைக் காக்கிறது. நீங்கள் பதிவு செய்ததற்கும் பயன்படுத்தத் தொடங்கியதற்கும் முன்பிருந்தே அந்தப் பெயரைத் தொடர்ந்து வைத்திருப்பவரை உங்கள் சான்றிதழைக் காட்டி நிறுத்த முடியாது. மாறாக, அவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம். ஆகவே தேடல் முடிந்ததும் கூகுள் மேப்ஸில் உங்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் பாருங்கள், ஜஸ்ட்டயல், இன்ஸ்டாகிராம் பாருங்கள். கடைசியாகக் கடை வரும் வட்டாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து போர்டுகளைப் படியுங்கள்.

போர்டு என்றதும் 'சலூன்' என்ற சொல்லும் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அழகாக இருக்கும் 'சலோன்', தமிழில் எழுதியதும் சலூன் ஆகி, ஆண்கள் முடி வெட்டும் கடையாகிவிடும். பெண்களுக்கு மட்டுமான கடை என்றால் 'அழகு நிலையம்' என்றோ 'பார்லர்' என்றோ தமிழ் வரியில் இருப்பது நல்லது. தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். அளவு தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம். பாதிப் பலகை தமிழுக்கு என்றான பிறகு, தமிழில் படிக்க முடியாத பெயரை வைத்து என்ன பயன்?

தேடலில் தேறிய பெயருக்கு விண்ணப்பம் டி.எம்.-ஏ படிவம். இணையம் வழியாகத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு கிளாஸுக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. இரண்டு பேர் கூட்டாகத் தொடங்கினால் முதலில் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முடித்துவிடுங்கள், அது இலவசம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கூட்டாண்மை நிறுவனமாக விண்ணப்பித்தால் கட்டணம் இரட்டிப்பு. கடை இன்னும் திறக்கவில்லை என்றால் 'ப்ரபோஸ்டு டு பி யூஸ்டு' (இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறோம்) என்றே குறிப்பிடுங்கள். பழைய தேதி போட்டால் பில், விளம்பரம் போன்ற ஆதாரங்களோடு பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதிக் கொடுக்க வேண்டும். பரிசோதனை அறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் போக வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பதிவகம் ஏற்றுக்கொண்டு தன் ஜர்னலில் வெளியிட்டபின் நான்கு மாதம் எதிர்ப்புக்கான காலம். அதைத் தாண்டிப் பதிவானால் பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். சான்றிதழ் வரும்வரை போர்டில் டி.எம். என்ற சிறு எழுத்து மட்டும். வட்டத்துக்குள் ஆர் போடுவது 107-ஆம் பிரிவின்படி தவறு.

பதிவேடு பொது ஆவணம் என்பதால் நீங்கள் கொடுக்கும் முகவரியும் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரி வெளியே போவதை விரும்பாதவர்கள் கடை வாடகை ஒப்பந்தம் முடிந்தபின் கடை முகவரியில் விண்ணப்பிக்கலாம். ஆனால் முதல் தேடலுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையே சில வாரங்கள் ஓடியிருந்தால், கட்டணம் கட்டும் அன்று காலையிலேயே அதே துண்டுகளைப் போட்டு 44-லும் 3-லும் இன்னொரு முறை தேடிவிடுங்கள்.