தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம்: என் மதிப்பீடு

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு, குரூப் 4, குரூப் 2 என்று வருடக்கணக்கில் படிப்பவர்களுக்குப் பாடத்தை விடக் கஷ்டமானது, நாளைக்கும் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்ற மனசைக் காப்பாற்றி வைப்பதுதான். அந்த ஒரு காரணத்துக்காகவே சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பற்றி எழுதுகிறேன். 2010இல் திறந்தது, எட்டு மாடி, உள்ளே போய்ப் படிக்கக் காசு கிடையாது, பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.

நமக்கு வேண்டியது தரைத்தளத்தில் இருக்கிறது, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதி. மாதாமாதம் பணம் வாங்கும் தனியார் ரீடிங் ஹால் ஒன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். மூன்று பக்கமும் பலகை அடைத்து ஆளுக்கொரு கூண்டு, கவனம் சிதறாது என்றார்கள், எனக்கு நேர்மாறாகத்தான் இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் கை தானாக போனுக்குப் போகிறது, அப்புறம் எதுக்குடா இதெல்லாம் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கே எதிரில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் நைந்துபோன ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை அவர் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து புரட்டுவது தெரிகிறது, ரிசல்ட் வந்து நம்பர் இல்லாமல் போன மறுநாளும் அதே ஆள் அதே பையோடு வந்து உட்கார்வது தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு பாதியில் எழுந்து வீட்டுக்குப் போக மனசு வராது. எந்த ஊக்கப் பேச்சு வீடியோவும் எனக்கு இதைச் செய்ததில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மனசு சுத்தமாக விட்டுப்போன நாளில் கீழேயே உட்கார்ந்து மல்லுக்கட்டாமல் இரண்டாம் தளத்துக்கு, தமிழ் நூல்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். குரூப் 4இல் 200 கேள்வியில் பாதி தமிழ்தான், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் உ.வே.சா. பதிப்பித்த ஆண்டுகளை எல்லோரும் மனப்பாடமாக ஒப்பிப்போம்: சீவக சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. அவர் பதிப்பின் முகவுரையை எடுத்து முழுசாகப் படித்துப் பாருங்கள். ஓலைச்சுவடிக்காக ஊர் ஊராக அந்த மனிதர் அலைந்த அலைச்சல் தெரிந்தபிறகு, ஒன்றரை மார்க்காக இருந்த அந்த 1887 நமக்கு வேண்டப்பட்ட ஒருவருடைய வாழ்க்கையாகிவிடுகிறது. ஆசையோடு படித்தது மறப்பதும் இல்லை.

ஒரே எச்சரிக்கை, டீக்கு வெளியே போகும்போது கட்ஆஃப் பேச்சில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எத்தனை போஸ்டிங், போன தடவை எத்தனையில் நின்றது, ஆன்சர் கீயில் எது தப்பு என்று அரை மணி நேரம் பேசினால் காலையிலிருந்து சேர்த்த தெம்பெல்லாம் போய்விடும். பேச வேண்டுமென்றால் அன்றைக்குப் படித்த பாடத்தைப் பேசுங்கள்.

தேர்வு நெருங்கினால் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், திறக்கும் நேரத்துக்கே வருவது நல்லது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் சனி, ஞாயிறு மட்டும் வந்தால்கூட வித்தியாசம் தெரியும். மதுரைக்காரர்களுக்கு புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து படிப்பவர்கள் யாராவது இதேபோல் விவரமாக எழுதினால் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.